ஆடியோ ஒயருக்கு வீட்டிலேயே கவசம்: கரண்ட் இரைச்சலை வடியவிடும் முழு வழி

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் பல நாள் கரண்ட் வரவில்லை. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து நடவுப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எங்கேயோ போய்ச் சார்ஜ் ஏற்றி வந்த லேப்டாப் கையில் இருந்தது. அதிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்ன யு.எஸ்.பி. சவுண்டு கார்டில் மைக்கைச் சொருகிப் பாட்டைப் பதிவு செய்தேன். ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது திகைத்துப் போனேன். அதற்கு முன் ஒரு வருஷமாக நான் பதிவு செய்த பாட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் ஓடும். அப்பாயிக்குப் போட்டுக் காட்டியபோது, “பாட்டுக்குள்ள வண்டு புகுந்துருக்குடா தம்பி” என்றார். அந்த வண்டு இந்தப் பதிவில் இல்லை. மைக்கும் ஒயரும் லேப்டாப்பும் பழையவைதான். சுவரில் கரண்ட் ஓடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மைக் மட்டம், ஒயர் மட்டம் என்று நினைத்து அதுவரை புதிது புதிதாக வாங்கிப் பணத்தைக் கரைத்திருந்தேன். வீட்டு மின்சாரம் ஆடியோ ஒயருக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று பார்க்கத் தொடங்கியது அந்த ராத்திரிக்குப் பிறகுதான். வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள், மாலைநேர இசை வகுப்பை ஆன்லைனில் நடத்துகிறவர்கள், ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் என்று எல்லோருக்கும் இது உதவும்.

கவசம் என்ன வேலை செய்கிறது

வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயரில் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு மின்புலம் இருக்கும். பக்கத்தில் ஆடியோ ஒயர் போனால் நடுவில் காற்று இருந்தாலும் அந்தப் புலம் அதில் ஒரு துளி வோல்டேஜை ஏற்றிவிடும். துளிதானே என்று விட முடியாது. மைக்கிலிருந்து வரும் ஒலியே சில மில்லிவோல்ட்தான். அதை மிக்ஸர் (மைக் ஒலிகளைச் சேர்த்துப் பெருக்கும் பெட்டி) நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கும்போது கூட வந்த வண்டும் அதே மடங்கு பெருகும்.

இதைத் தடுக்கத்தான் உள் ஒயரைச் சுற்றிச் செம்புப் பின்னலோ அலுமினியத் தாளோ போடுகிறார்கள். அதைத்தான் ஷீல்டு என்கிறோம், கவசம் என்கிறோம். கவசம் என்றதும் அம்பைத் தடுக்கும் கேடயம் மாதிரி தோன்றும். எனக்குப் புரிந்த விதம் வேறு. டெல்டாக்காரருக்கு அதைச் சொல்வது சுலபம். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரப் பாசன வாய்க்கால் இருக்கிறது, மிச்சத்தை வெளியேற்ற வடிகால் இருக்கிறது. ஐப்பசி மழையில் வடிகாலின் வாய் தூர்ந்து கிடந்தால், வரப்பை எத்தனை உயரமாக வெட்டியிருந்தாலும் பயிர் அழுகத்தான் செய்யும். ஒயரின் கவசமும் வடிகால்தான். வெளியிலிருந்து வரும் இரைச்சல் அதன்மேல் விழுந்து, கருவியின் பூஜ்ய வோல்ட் பக்கமான கிரவுண்டு வழியாக வடிந்துபோக வேண்டும். வடிய வழி இல்லாத கவசம் வெறும் உலோகச் சுற்று. அதுவே ஏரியல் மாதிரி இரைச்சலைப் பிடித்து உள்ளே கொடுக்கவும் கூடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், இன்வெர்ட்டர் ஆகியவற்றைச் சுற்றி வலுவான காந்தப்புலம் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை மெல்லிய செம்போ அலுமினியமோ நிறுத்தாது, அப்படியே ஊடுருவிப் போய்விடும். அதற்கு மருந்து தூரமும், உள் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்குவதும்தான். இது தெரியாமல் நான் ஒரு ஒயருக்கு மூன்று சுற்று அலுமினியத் தாள் சுற்றியிருக்கிறேன். இன்வெர்ட்டர் பக்கத்திலேயே கிடந்த அந்த ஒயரில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

முதல் படி: வண்டு எந்த வண்டு என்று காதால் பிரிப்பது

ஹெட்போன் போட்டு, யாரும் பேசாமல், ஒரு நிமிஷம் வெற்று ஒலியைப் பதிவு செய்யுங்கள். வருவது வழவழப்பான ‘உம்ம்’ என்றால் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் காந்தப்புலமோ எர்த் சுற்றோ (எர்த் இரண்டு பாதையில் போய் வளையம் போட்டுக்கொள்வது) காரணமாக இருக்கும். ‘ஜிர்ர்ர்’ என்று கூர்மையாக, ஈ மொய்ப்பது போல இருந்தால் ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். கவசம் அறுந்த ஒயரும் இந்தக் குரலில்தான் கத்தும். ‘டட்டட்... டட்டட்’ என்று விட்டுவிட்டு வந்தால் செல்போன். ஃபிரிட்ஜோ மோட்டார் பம்போ கிளம்பும்போது மட்டும் ‘டப்’ என்றால் அது சுவிட்சின் பொறி. அது எப்போதாவது வருவது என்பதால் பதிவு செய்யும் நேரத்தில் அவற்றை நிறுத்திவைத்தாலே போதும்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு தடயம் கிடைக்கும். என் தங்கை ஐந்து கட்டையில் பாடுவாள். ஐந்து கட்டை ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். கரண்ட் இரைச்சலின் மேல் அடுக்குகளில் ஒன்று சரியாக 200 ஹெர்ட்ஸில் நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு நான்கு தடவை ‘வவ்வவ்வவ்’ என்று அலை அடிக்கும். அவளுடைய எலக்ட்ரானிக் தம்பூரா ஸ்பீக்கரில் ஆடுகிறது என்று பெட்டியையே ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனோம். சுருதி சுத்தமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆடியது தம்பூரா இல்லை, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் உயர்ந்து ஒலித்துக்கொண்டிருந்த கரண்ட். ஐந்து கட்டையில் பாடுகிறவர்கள் வீட்டில் தம்பூரா ஆடினால், பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒயரைப் பாருங்கள்.

காதை நம்ப முடியாவிட்டால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்த ஒரு நிமிஷப் பதிவைத் திறந்து அலைவரிசைப் படம் போட்டுப் பாருங்கள். 50, 100, 150 என்று முள் முள்ளாக நிமிர்ந்திருந்தால் அது வீட்டுக் கரண்ட்தான். இந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வாசல் வழியாக வருகிறது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே மூச்சில் நாலைந்தை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியில் ஓடும்போது இரைச்சல் காணாமல் போனால் குற்றவாளி சார்ஜரோ எர்த் சுற்றோதான், ஒயர் இல்லை. பதிவு செய்யும் நேரம் பேட்டரியிலேயே ஓட்டலாம், ஒரு காசு செலவில்லை. சார்ஜரை எடுத்தும் இரைச்சல் இருந்தால், மிக்ஸரிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். கழற்றியதும் நின்றுபோனால் இரைச்சல் ஒயர் வழியாகவோ அதன் மறுமுனையில் இருக்கும் கருவியிலிருந்தோ வருகிறது. கழற்றியும் தொடர்ந்தால் மிக்ஸர், அதன் அடாப்டர், அதற்குப் பின்னால் இருப்பவை என்று தேடுங்கள். ஒயரை எவ்வளவு மாற்றினாலும் அது தீராது.

ஒயர்தான் என்று தெரிந்த பிறகு அதைக் கையில் பிடித்து மெல்ல இடம் மாற்றிப் பாருங்கள். நகர்த்த நகர்த்த இரைச்சல் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் காந்தப்புலம். பின்னின் உலோக உறையைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் கவசத்துக்குக் கிரவுண்டு சரியாகக் கிடைக்கவில்லை, வடிகாலின் வாய் அடைபட்டிருக்கிறது. ஆனால் தொடும்போது கையில் ‘சுறுசுறு’ என்று உணர்ந்தால் அந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

அப்புறம் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணையுங்கள். எங்கள் வீட்டில் இரைச்சலில் பாதியை வளர்த்தது கூடத்து ஃபேனின் ரெகுலேட்டர். இரண்டில் வைத்தால் ‘ஜிர்ர்’, ஐந்தில் வைத்தால் ஏறக்குறைய அமைதி. டிரையாக் என்ற எலக்ட்ரானிக் சுவிட்சு வைத்த ரெகுலேட்டர் ஒவ்வொரு அலையையும் பாதியில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது, வெட்டும் இடத்தில்தான் இரைச்சல் பிறக்கிறது. கெப்பாசிட்டர் வைத்த, படிப்படியாக வேகம் மாறும் ரெகுலேட்டருக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

மூன்றாம் படி: எர்த்

சுவர்க் கரண்டில் ஓடும் கருவிகளில் கவசம் வடிய வேண்டிய இடம் கடைசியில் எர்த்தான். அது செத்திருந்தால் மற்ற வேலை பெரும்பாலும் பலிக்காது. மூன்று பின் சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். பழைய வீடுகளில் ஓட்டை இருக்கும், பின்னால் பச்சை ஒயர் இருக்காது. எங்கள் வீட்டிலும் கூடத்துச் சாக்கெட்டில் அப்படித்தான் இருந்தது.

மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அதே அளவு இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏதோ நடுவாந்தரமான எண் வந்தால் எர்த் தொடர்பு இல்லை, அல்லது குழி காய்ந்து கிடக்கிறது.

காய்வது நம் பக்கத்தில் நிஜமாகவே நடக்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடி, நிலம் ஈரமாக இருக்கும் மாதங்களில் களிமண் நன்றாக மின்சாரம் கடத்தும். பங்குனி, சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும், எர்த் குழாயைச் சுற்றி இடைவெளி விழும். குறுவை, சம்பா நாட்களில் இல்லாத இரைச்சல் கோடையில் வருகிறது என்றால் முதலில் எர்த் குழிக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் கேட்டுப் பாருங்கள். உப்பும் கரியும் போட்ட குழியாக இருந்து வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டிருந்தால் புதுப்பித்துவிடுவது நல்லது.

இரைச்சல் குறைகிறது என்று சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவார்கள், அல்லது இரண்டு பின் அடாப்டர் வைத்து எர்த்தைத் துண்டித்துவிடுவார்கள். இரைச்சல் குறையவும் செய்யும். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஒயர் உறையில் பட்டுவிட்டால் அந்தக் கரண்ட் மைக் பிடித்திருக்கும் கை வழியாகத்தான் போகும். மைக் பிடிப்பது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எர்த் சுற்றை உடைக்கப் பாதுகாப்பான வழி பின்னால் வருகிறது.

நான்காம் படி: தூரம், குறுக்கு

கரண்ட் ஒயரும் ஆடியோ ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் நீளமாக ஓடக் கூடாது. ஒரு முழம் தள்ளினாலே பெரிய வித்தியாசம் தெரியும், ஏனென்றால் இந்தப் புலங்கள் தூரம் போகப் போக வேகமாகத் தேய்ந்துவிடும். தாண்டியே ஆக வேண்டும் என்றால் வரப்பை வரப்பு வெட்டுவது போல நேர்குறுக்கே தாண்டவிடுங்கள். மிஞ்சிய ஒயரைச் சுருட்டி அடாப்டர் மேல் வைப்பது பலர் வீட்டில் பார்க்கும் தப்பு. அடாப்டர்களை எல்லாம் ஒரு ஓரத்துக்குத் தள்ளுங்கள், ஆடியோ ஒயரை எதிர் ஓரத்தில் ஓட்டுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து மிக்ஸரையும் மைக் ஒயரையும் இரண்டு மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள்.

மிக்ஸர், லேப்டாப், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுங்கள். ஒன்று கூடத்திலும் இன்னொன்று அறையிலும் என்று வெவ்வேறு சாக்கெட்டில் இருந்தால் எர்த் இரண்டு பாதையில் சுற்றி வளையம் போட்டுக்கொள்ளும்.

பலருக்கு இந்த நான்கு படியிலேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால்தான் ஒயருக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் படி: நல்ல ஒயரை அடையாளம் காண்பது

தஞ்சாவூரோ கும்பகோணமோ மன்னார்குடியோ, மைக்செட் சாமான் விற்கும் கடையில் ‘டூ கோர் ஷீல்டு மைக் ஒயர்’ என்று கேளுங்கள், மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வாங்குவதற்கு முன் ஒரு அங்குலம் வெட்டித் தரச் சொல்லி, தோலை உரித்துப் பாருங்கள்.

நான் ஒரு தடவை மலிவான ஒயர் ஒன்றை அப்படி உரித்தேன். வெளித் தோல் தடிமனாக, பார்க்கக் கம்பீரமாக இருந்தது. உள்ளே கவசம் என்ற பெயரில் தலைமுடி மாதிரி செம்பு நூல்கள் ஒரே பக்கமாகச் சுற்றிக் கிடந்தன. எண்ணினேன், பதினாலுதான். ஒயரை லேசாக வளைத்ததும் நூல்கள் ஒதுங்கி, நடுவில் உள் ஒயரின் வெள்ளைத் தோல் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் வண்டு புகும். நல்ல ஒயரில் செம்பு நூல்கள் பாய் முடைந்தது போல இரண்டு திசையிலும் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கும். வளைத்தாலும் உள்ளே இருப்பது தெரியாது.

மூன்று வகைக் கவசம் கிடைக்கும். பின்னல் வலை வளைந்து கொடுக்கும், நீடித்து உழைக்கும். மைக் மாதிரி அடிக்கடி எடுத்து மடக்கும் ஒயருக்கு அதுதான் ஏற்றது. அலுமினியத் தாள் நூறு சதவீதம் மூடும், ஆனால் அடிக்கடி மடக்கினால் கிழியும். சுவரோடு நிரந்தரமாக ஓட்டும் ஒயருக்கு அது நல்லது. ஒரே பக்கம் சுற்றிய நூல் விலை குறைவு, ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் இணைப்புக்குப் பரவாயில்லை.

ஏன் இரண்டு உள் ஒயர் வேண்டும்? மைக்குக்கு எக்ஸ்.எல்.ஆர். பின் போடுகிறோமே, கடைக்காரர்கள் கேனன் பின் என்பார்கள், அதில் ஒரே ஒலி இரண்டு ஒயரில் ஒன்றுக்கொன்று எதிராகப் போகிறது. மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். வழியில் விழும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழும். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடைக் கல்லை வைத்தால் முள் அசையாது, அதே கதைதான். உள் ஒயர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடப்பதால் காந்தப்புலமும் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து அடிபட்டுப் போகும். கவசத்தால் முடியாத வேலையை முறுக்கு செய்கிறது. ஐந்து மீட்டருக்கு மேல் ஒயர் ஓட்டுவதாக இருந்தால் இந்த இணைப்புத்தான் சரி.

ஆறாம் படி: சொந்தமாக ஒயர் கட்டுவது

வேண்டியவை: 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், ஒயர் கட்டர், சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ், பின்கள், மல்டிமீட்டர்.

பின்னின் மூடியையும் ஸ்லீவையும் முதலில் ஒயரில் கோத்துவிடுங்கள். பற்றவைத்து முடித்த பிறகு மூடி மேசையிலேயே கிடப்பதைப் பார்த்தால் வரும் சலிப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. பிறகு வெளித் தோலை இரண்டு சென்டிமீட்டர் உரியுங்கள். கத்தி உள்ளே இருக்கும் பின்னலில் படக் கூடாது. சுற்றிலும் லேசாகக் கீறிவிட்டு ஒயரை வளைத்தால் தோல் தானே பிளந்து வரும்.

இப்போது பின்னல் தெரியும். ஊக்கின் முனையால் நுனியிலிருந்து ஒவ்வொரு நூலாகப் பிரியுங்கள், தலைச்சிக்கு எடுப்பது போல அவசரமில்லாமல். பிரித்ததை ஒரு பக்கமாகச் சேர்த்து முறுக்கினால் கவசம் சின்ன வால் மாதிரி ஆகும். அந்த வால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, ஒரு சென்டிமீட்டருக்குள் முடித்துவிடுங்கள். வால் நீண்டால் அந்த நீளத்துக்கு உள் ஒயர்கள் கவசம் இல்லாமல் வெறும் உடம்போடு நிற்கும். ஒற்றை நூல்கூடத் தப்பி உள் ஒயரைத் தொடக் கூடாது. வாலுக்கு ஸ்லீவ் போடுங்கள்.

உள் ஒயர்களின் நுனியை ஐந்து மில்லிமீட்டர் உரித்து, முறுக்கி, ஈயம் ஏற்றுங்கள். பின்னின் குழியிலும் கொஞ்சம் ஈயம் வையுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடு காட்டினால் இரண்டு மூன்று நொடியில் ஒன்றாகும். அதற்கு மேல் பிடித்தால் உள் தோல் உருகிக் கவசத்தோடு ஒட்டிவிடும். ஈயம் பளபளவென்று வழிந்து படிந்திருக்க வேண்டும். உருண்டை கட்டி மங்கலாக இருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி சூடு காட்டுங்கள்.

கேனன் பின்னில் எண்கள் பொடியாகப் பொறித்திருக்கும். 1-இல் கவசம், 2-இல் ஒரு உள் ஒயர், 3-இல் மற்றது. இரு முனையிலும் அதே வரிசை, நிறம் மாறக் கூடாது. மைக் ஒயரில் கவசத்தை இரு முனையிலும் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். கண்டென்சர் மைக்குக்கு மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் திரும்பி வருவது அந்த வழியாகத்தான். ஒரு பக்கம் விட்டால் மைக் ஊமையாகிவிடும்.

டிவியிலிருந்தோ செல்போனிலிருந்தோ ஆம்ப்ளிஃபயருக்குப் போகும், நடுவில் ஒரு பின்னும் சுற்றி ஒரு வளையமும் உள்ள ஆர்.சி.ஏ. ஒயருக்கும் நான் டூ கோர் ஒயரையே பயன்படுத்துகிறேன். ஒரு உள் ஒயர் நடுப் பின்னுக்கு, மற்றது வெளி வளையத்துக்கு, இரு முனையிலும். கவசத்தை மட்டும் ஒரே முனையில் வளையத்தோடு சேர்த்துவிட்டு, மறுமுனையில் வெட்டி ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். கவசம் இரைச்சலை வடிக்கும், ஆனால் அதன் வழியாக எர்த் கரண்ட் சுற்றி ஓடாது. பொதுவாக ஒலி கிளம்பும் கருவியின் பக்கம் சேர்ப்பார்கள். இரண்டு விதமாகவும் திருப்பிச் சொருகிப் பார்த்து அமைதியானதை வைத்துக்கொள்ளுங்கள். வீணையில் ஒட்டும் பிக்கப் மாதிரி, தனக்கென்று கரண்ட் எடுக்காத கருவிக்கு மட்டும் இந்த விளையாட்டு கூடாது. அதற்கு வடிகால் ஆம்ப்ளிஃபயர் பக்கம்தான் இருக்கிறது, கவசம் அந்தப் பக்கம் சேர்ந்தே இருக்க வேண்டும். அந்த ஒயரை முடிந்தவரை குட்டையாகவும் வையுங்கள். நீண்டால் இரைச்சல் ஏறுவதோடு கம்பியின் மேல்ஸ்தாயிப் பளபளப்பும் மங்கும்.

சொருகுவதற்கு முன் மல்டிமீட்டரைக் ‘கீ’ என்று கத்தும் நிலையில் வைத்து முனைக்கு முனை பாருங்கள். ஒரே எண்ணுக்கு ஒரே எண் கத்த வேண்டும். நடுப் பின்னுக்கும் கவசத்துக்கும் நடுவில் கத்தவே கூடாது. பார்க்கும்போதே பின்னின் கழுத்தை ஆட்டிப் பாருங்கள், விட்டு விட்டுக் கத்தினால் உள்ளே பிடிப்பு போதவில்லை.

ஏழாம் படி: இருக்கும் ஒயருக்கே கவசம் போர்த்துவது

பின் வெட்ட முடியாத, கருவியோடு ஒட்டி வந்த ஒயர்களுக்கு மேலே கவசம் போர்த்தலாம். அடுக்களையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் போதும். ஆனால் அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது என்பதால் கவசத்தைக் கிரவுண்டோடு சேர்ப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை எடுத்து, ஒயரின் மேல் முழு நீளத்துக்கும் படுக்கப் போடுங்கள். அதுதான் வடிகால் கம்பி. அதன் மேல் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய தாளைச் சாய்வாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூடும்படி இறுக்கமாகச் சுற்றிப் போங்கள். கம்பி முழு நீளத்துக்கும் தாளைத் தொட்டுக்கொண்டே இருக்கும். எங்காவது தாள் கிழிந்தாலும் கம்பி தொடர்பை விடாது. மேலே இன்சுலேஷன் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வடிகால் கம்பியின் ஒரு முனையை மட்டும் பின்னின் வெளி வளையத்தோடோ கருவியின் கிரவுண்டு திருகோடோ சேருங்கள், மறுமுனை டேப்புக்குள் மூடியே இருக்கட்டும். தாள் எந்தப் பின்னின் நடுமுனையையும் தொடாமல் இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் முன்பே நிறுத்துங்கள்.

இன்னொரு வழி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கேபிள் டிவி ஒயர். டிஷ் மாறியபோது கழற்றிப் பரணில் போட்டிருப்பீர்கள். அந்த ஆர்.ஜி.-6 ஒயரில் தாளும் பின்னலும் இரட்டைக் கவசமாக இருக்கும். அசையாமல் கிடக்கும் ஆர்.சி.ஏ. இணைப்புக்கு அது அருமையாக உழைக்கும். பெரும்பாலும் அதன் பின்னல் அலுமினியமாக இருக்கும், ஈயம் பிடிக்காது. அழுத்திப் பிடிக்கும் வகைப் பின்தான் போட வேண்டும். நடுக் கம்பி விறைப்பானது, மைக்குக்கு ஆகாது, நாலு தடவை மடக்கினால் முறியும்.

230 வோல்ட் ஓடும் ஒயருக்கு மேல் மட்டும் தாள் சுற்றும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தோல் எங்காவது தேய்ந்திருந்தால் தாள் முழுக்கக் கரண்ட் ஏறும்.

எட்டாம் படி: இன்னும் விடாத ‘உம்’

கவசம் சரி, எர்த்தும் சரி, ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிதான், ஆனாலும் லேப்டாப் சார்ஜரைச் சொருகினால் ‘உம்’ வருகிறது என்றால் எர்த் வளையம் இன்னும் இருக்கிறது. இதற்கு 600:600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சின்னப் பெட்டி கிடைக்கும். ‘கிரவுண்டு லூப் ஐசொலேட்டர்’ என்று கேளுங்கள். ஒலி காந்தமாக மாறி மறுபக்கம் தாண்டும், இரு பக்கக் கிரவுண்டும் தொட்டுக்கொள்ளாது. கரண்ட் எர்த்தும் அப்படியே பத்திரமாக இருக்கும். மட்டமான பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலியும், ஆகவே கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

செல்போன் ‘டட்டட்’டுக்கு ஏரோப்ளேன் மோடு போதும். மிஞ்சினால் ஒயரின் முனையில் ஃபெரைட் வளையம் மாட்டலாம். ‘உம்’முக்கு அது பயன்படாது.

நம் ஊர் ஈரமும் எலியும்

கடலோரம், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் பின்களை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பில் பச்சைக் களிம்பு ஏறினால் கவசத்தின் வால் உள்ளுக்குள்ளேயே அற்றுவிடும், வெளியில் தெரியாது. களிம்பு லேசாக இருக்கும்போதே ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். தாள் சுற்றிய ஒயரில் அலுமினியமும் செம்பும் ஈரத்தில் சேர்ந்தால் சீக்கிரம் அரிக்கும், எனவே இரு முனையிலும் டேப் மூடல் இறுக்கமாக இருக்க வேண்டும்.

சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுக்கு வரும். எங்கள் கூடத்தில் நான் ஆசையாகக் கட்டிய பத்து மீட்டர் ஒயரைத் தை மாதத்தில் ஒரே ராத்திரியில் மூன்று இடத்தில் கொறித்துவிட்டது. உள் ஒயர் அறுபடவில்லை, கவசம் மட்டும் போனது. பாட்டு வந்துகொண்டே இருந்ததால் ஒரு வாரம் கவனிக்கவில்லை. அப்பாயிதான் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, “திரும்ப வந்துருச்சு பாரு” என்றார். அன்றிலிருந்து சுவரோடு ஓடும் ஒயரை பி.வி.சி. பைப்புக்குள் விட்டிருக்கிறேன், எடுத்து வைக்கும் ஒயரைச் சுருட்டி ஆணியில் உயரமாக மாட்டுகிறேன். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் வெள்ளை டேப் ஒட்டி, கட்டிய தேதியும் கவசம் எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது என்பதும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.